மாட்டுக்கொட்டிலுக்கு வெளியே சட்டம். கணினித் திரைக்குள் பாடம்

புது தில்லி: ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகள், ஒரு நாளில் 96. இறைச்சிக்கூடத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர் ஒருவர் இதற்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட இறைச்சிக்கூட விதிகள். அதாவது, விலங்கு ஒன்றுக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அது நோயற்றதா, அதன் இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அவர் தவறினால் அந்தத் தவறைத் திருத்த அவருக்குப் பின்னால் வேறொரு அதிகாரி இல்லை. கடையும், அதையடுத்து நம் வீட்டுச் சமையலறையும்தான் இருக்கின்றன.

இந்த முடிவெடுக்கும் திறனை அவர் எங்கே கற்கிறார்? இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் 2016-ல் வகுத்த குறைந்தபட்சத் தர விதிகளின்படி பி.வி.எஸ்சி. பட்டப்படிப்பின் காலம் ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவராகக் கழிகிறது. மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய், குதிரை என இத்தனை உயிரினங்களின் உடலமைப்பையும் நோயையும் மருந்தையும் கற்று முடிக்க வேண்டிய காலத்துக்குள்தான் கால்நடைப் பொதுச் சுகாதாரமும், பால், இறைச்சிப் பொருள்களின் தொழில்நுட்பமும் பாடங்களாக இடம்பெறுகின்றன. கால்நடை மருத்துவர் என்றால் ஊசி போடுபவர், கன்று ஈன உதவுபவர் என்பதே மக்களின் எண்ணம். மாணவர்களில் பலரும் அந்த எண்ணத்துடனேயே கல்லூரிக்குள் நுழைகின்றனர். உணவுப் பாதுகாப்பு என்பது தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்யும் பாடமாக ஒதுங்கிவிடுவதில் வியப்பில்லை.

மனப்பாடத்துக்கு மாற்றாக, மாணவரிடம் கேள்வி எழுப்பி, அவர் எடுக்கும் முடிவின் விளைவை அவருக்கே காட்டும் இணையவழிப் பாடங்களை மேலைநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சில உருவாக்கியிருக்கின்றன. இந்தியாவிலும் கால்நடை மருத்துவக் கல்வியை இணையத்தில் ஏற்றுவதற்கு அரசுப் பணமும் உலக வங்கிக் கடனும் செலவிடப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் படிக்கும் பக்கங்களைத்தான் தந்தது. முடிவெடுக்கும் பயிற்சியைத் தரவில்லை.

வாசலில் நிற்கும் சட்டம்

இது கல்வியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல. 2003-ல் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக எழுந்த புயல் நாடாளுமன்றத்தை உலுக்கியது. சரத் பவார் தலைமையில் அமைக்கப்பட்ட கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அந்தச் சூழலில்தான், சிதறிக் கிடந்த உணவுச் சட்டங்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி வேகம் பெற்று, 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் பிறந்தது. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் இறைச்சி உணவுப்பொருள் ஆணை, 1992-ஆம் ஆண்டின் பால் ஆணை ஆகியவை அதற்கு வழிவிட்டன. புதிய சட்டத்தின் விதிகள் 2011 ஆகஸ்ட் 5-ல் நடைமுறைக்கு வந்தன.

அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் புரட்டினால், "உணவு" என்பதன் விளக்கத்தில் கால்நடைத் தீவனம் சேராது என்று எழுதியிருக்கிறது. உயிருள்ள விலங்கும், உணவுக்காகப் பக்குவப்படுத்தப்படும் வரை, சேராது. பதினெட்டாவது பிரிவோ விவசாயிக்கும், மீனவருக்கும், பண்ணைத் தொழிலுக்கும், கால்நடைக்கும் சட்டம் பொருந்தாது என்கிறது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தை இன்ஸ்பெக்டர்களின் கெடுபிடியிலிருந்து காப்பதே நோக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் கை மாட்டுக்கொட்டிலின் வாசலோடு நின்றுவிடுகிறது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகும் ஒரே படித்த மனிதர் கால்நடை மருத்துவர்தான். அவர் என்ன கற்றிருக்கிறாரோ, அதுதான் கொட்டிலுக்குள் நடைமுறையில் இருக்கும் சட்டம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-ல் மே முதல் அக்டோபர் வரை நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தது. முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. பாலில் சோப்புத்தூளும் யூரியாவும் கலக்கப்படுகின்றன என்ற பரவலான பீதிக்கு மாறாக, உடல்நலத்துக்கு ஊறு விளைக்கும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் காணப்பட்டது. பத்திரிகைகள் அந்தச் செய்திக்கே முதலிடம் தந்தன. ஆனால் அதே அறிக்கையில் வேறு இரு எண்கள் இருந்தன. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மருந்தின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. இந்த நச்சில் முன்னணியில் நின்ற மாநிலம் தமிழகம்: 551 மாதிரிகளில் 88. அடுத்து தில்லி, 262-ல் 38. அதையடுத்து கேரளம், 187-ல் 37.

இந்த நச்சை எந்தப் பால்காரரும் கலப்பதில்லை. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும், மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் பி1-ஐச் சுரக்கிறது. மாடு அதைத் தின்கிறது. மாட்டின் ஈரலில் அது எம்1 ஆக உருமாறி மடிக்கு வந்து சேர்கிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடுபடுத்திக் கிருமிநீக்கம் செய்தாலும் போகாது. அதைத் தடுக்கக் கூடிய இடம் தீவனத் தொட்டி ஒன்றுதான்.

திரையில் ஒரு கறவை மாடு

இந்த இடத்தில்தான் கணினி உதவிக்கு வருகிறது. மாணவரிடம் முடிவைக் கேட்கும் பாடம் எப்படி இயங்கும் என்பதற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லலாம். திரையில் ஒரு கறவை மாடு தோன்றுகிறது. மடிவீக்க நோய். மாணவர் பெனிசிலின் வகை மருந்தைத் தேர்ந்தெடுத்துக் காம்பு வழியே செலுத்துகிறார். மருத்துவம் சரி. அடுத்த கேள்வி: இன்று மாலைப் பாலை என்ன செய்யச் சொல்வீர்கள்? நான்கு விடைகள் தரப்படுகின்றன. மருந்து உடலிலிருந்து விடுபடும் காலம் முடியும் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விடை. தேர்வில் எல்லோரும் அதை எழுதிவிடுவர்.

ஆனால் திரை அத்துடன் விடுவதில்லை. அந்த மாட்டின் உரிமையாளர் பேசுகிறார். இந்த ஒரு மாட்டுப் பாலில்தான் கடன் தவணை கட்ட வேண்டும். மூன்று நாள் பாலைக் கீழே ஊற்றினால் வீட்டுக்கு யார் படியளப்பது? மாணவர் மனமிரங்கி, "கொஞ்சமாகக் கலந்து ஊற்றுங்கள்" என்ற விடையை அழுத்துகிறார். காட்சி மாறுகிறது. அந்தப் பால் சங்கத்தின் கேனில் சேர்கிறது. கேன் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஊரார் அனைவரின் பாலோடும் கலந்து டேங்கரில் ஏறுகிறது. ஆலையின் பரிசோதனையில் மருந்து எச்சம் தெரிந்து டேங்கர் முழுவதும் திருப்பி அனுப்பப்படுகிறது. பரிசோதனையில் தப்பினாலோ, தயிராக்கும் நுண்ணுயிர்கள் வளராமல் தயிர் தோய மறுக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். இப்போது மாணவர் பின்னோக்கிச் சென்று வேறு விடையை முயன்று பார்க்கலாம். அந்தப் பாலைக் குடும்பத்தினரும் குடிக்கக் கூடாது என்று சொல்ல மறந்திருந்தால், திரை அதையும் காட்டிக்கொடுக்கும்.

உண்மையான மாட்டிடம் இப்படித் தவறு செய்து பார்க்க முடியாது. நாற்பது மாணவர்கள் வரிசையாக நின்று பார்க்கும் கல்விச் சுற்றுலாவிலும் முடியாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளி ஓர் இறைச்சிக்கூடத்தையே கணினியில் வடித்து, மாணவர்களை அதனுள் நடமாட விட்டது. இது பற்றிய ஆய்வு 2014-ல் கால்நடை மருத்துவக் கல்விக்கான ஆய்விதழில் வெளியானது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உணவுப் பாதுகாப்பு குறித்த இணையவழிப் பாடங்களை எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் உலகுக்குப் பொதுவாக எழுதப்பட்ட பாடத்தில் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கேனும், தெருமுனை ஆட்டிறைச்சிக் கடையும் இருக்க வழியில்லை.

திட்டம் முடிந்தது, பாடம் நின்றது

இந்தியா இந்த வழியில் காலடி வைக்காமல் இல்லை. உலக வங்கி உதவியுடன் 2006 முதல் 2014 வரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின் கீழ், வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், பால்வளம், கால்நடை மருத்துவம் ஆகிய பட்டப்படிப்புகளுக்கு மின்பாடங்கள் எழுதப்பட்டன. கால்நடை மருத்துவப் பாடங்களைத் தயாரிப்பதில் சென்னையிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. பால், இறைச்சித் தூய்மையும் உணவுப் பாதுகாப்பும் அவற்றில் அடங்கும். நூலகத்தில் புத்தகம் கிடைக்காத சிறு நகரக் கல்லூரி மாணவருக்கு அவை பேருதவி. இன்றும் வடமாநில மாணவர்கள் பலர் தேர்வுக்கு அவற்றைப் படிக்கின்றனர் என்பது தமிழகத்துக்குப் பெருமையே.

ஆயினும் அவற்றின் வடிவம் திரையில் ஏற்றிய புத்தகம். படம் உண்டு, அசைவூட்டம் ஆங்காங்கே உண்டு. மாணவர் முடிவெடுக்க வேண்டிய இடம் அரிது. இன்னொரு சிக்கலும் உண்டு. அவை எழுதப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்தது 2008-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம். 2016-ல் பாடத்திட்டமே மாறியது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் தருவதை மத்திய சுகாதார அமைச்சகம் தடை செய்தது 2019 ஜூலையில். 2014-ல் முடிந்த திட்டத்தின் பாடத்தில் அந்தத் தடை எப்படி இருக்கும்? உணவுச் சட்டம் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. திட்ட நிதியோ ஒரு தேதியில் முடிந்துபோகிறது. பாடத்தை எழுதப் பணம் ஒதுக்கும் கோப்பில், பத்தாண்டு கழித்து அதைத் திருத்தப் பணம் ஒதுக்கும் பக்கம் இருப்பதில்லை. தில்லியில் திட்டங்களின் தொடக்க விழாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

2017-ல் அடுத்த திட்டம் வந்தது. தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டம் என்று பெயர். மதிப்பு 16.5 கோடி டாலர். உலக வங்கியும் மத்திய அரசும் சரிபாதி. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு கல்லூரிகளை மூடியபோது வகுப்புகள் செல்பேசிக்குள் புகுந்தன. அந்த ஆகஸ்டில் வேளாண் கல்விக்கான தரவு மையம் "கிருஷி மேக்" என்ற பெயரில் தொடங்கி வைக்கப்பட்டது. மெய்நிகர்க் காட்சி ஆய்வகங்களும் பேசப்பட்டன. கோட்பாட்டு வகுப்புகளை ஒருவாறு நடத்திவிட்டனர். செய்முறை வகுப்பில்தான் எல்லாம் நின்றது. நிணநீர்க் கணுவைக் கத்தியால் கீறிப் பார்ப்பதையும், ஈரலில் நாடாப்புழுவின் நீர்க்கட்டியைத் தடவி உணர்வதையும் யூ-டியூப் பார்த்துக் கற்க முடியாது.

ஒரு கேள்வி, நான்கு அமைச்சகங்கள்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இதுபற்றி ஒரு கேள்வி எழுப்ப விரும்பினால் எந்த அமைச்சரிடம் கேட்பார்? கால்நடை மருத்துவக் கவுன்சில் இருப்பது மீன்வளம், கால்நடைப் பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ். 2019-ல் அது தனி அமைச்சகமானது. மின்பாடங்களுக்குப் பணம் தந்த வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் வேளாண் அமைச்சகத்தில் தங்கிவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. எருமை இறைச்சி ஏற்றுமதி ஆலைகளைப் பதிவு செய்யும் அபேடா வர்த்தக அமைச்சகத்துக்கு உரியது. கிருஷி பவன், நிர்மாண் பவன், உத்யோக் பவன் என்று நெடுங்காலம் அறியப்பட்ட கட்டடங்களுக்கிடையே ஒரு மாணவரின் பாடம் பங்கிடப்பட்டிருக்கிறது. "இக்கேள்வி இந்த அமைச்சகத்துடன் தொடர்புடையதல்ல" என்ற விடை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

இதைவிட ஆழமான முரண் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனம், கால்நடை மருத்துவப் பயிற்சியையும் தொழிலையும் மாநிலங்களுக்கே தந்திருக்கிறது. உணவுக் கலப்படம் பொதுப்பட்டியலில் 18-ஆவது இனம். கால்நடை மருத்துவம் மாநில உரிமை என்பதால்தான் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தை நாடாளுமன்றம் தானாக நாடெங்கும் விரிக்க இயலவில்லை. சில மாநிலங்கள் சாசனத்தின் 252-ஆவது பிரிவின்படி தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதால் இயற்றப்பட்டு, பிற மாநிலங்கள் பின்னர் தனித்தனியே ஏற்ற சட்டம் அது. கல்லூரியை நடத்துவதும், ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும், பட்டதாரிக்கு வேலை தருவதும் மாநிலம். பாடத்தை வகுப்பது தில்லி. எந்த மாநிலத்தில் எந்தத் தீவனத்தில் பூஞ்சை பிடிக்கிறது, எந்த ஊரில் எந்த மருந்து கடையில் சீட்டு இல்லாமல் விற்கிறது என்பது மாநிலத்துக்குத்தான் தெரியும். அத்தகைய நிகழ்வுகளைக் கொண்டு தமிழிலோ, மராத்தியிலோ, வங்காளத்திலோ பயிற்சிப் பாடம் தயாரிக்க எந்தச் சட்டமும் மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தடுக்கவில்லை. மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் கற்கலாம். "மூன்று நாள் பாலை ஊற்றாதீர்கள்" என்று மாட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லி அவரை இணங்கச் செய்வதை அவர் மொழியில்தான் பழக வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒளியலாமா?

ஓர் ஐயத்தையும் சொல்லியாக வேண்டும். கணினி இறைச்சிக்கூடம் வந்துவிட்டால் உண்மையான இறைச்சிக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் தொல்லை விட்டது என்று நிர்வாகங்கள் மகிழக் கூடும். நம் நாட்டில் இறைச்சிக்கூடம் என்பது சுகாதாரப் பிரச்னையாக மட்டும் இருப்பதில்லை. தில்லியின் பழைய ஈத்கா இறைச்சிக்கூடம் நீண்ட வழக்குகளுக்குப் பின் 2009-ல் காஜிபூருக்கு மாறியது. உத்தரப் பிரதேசத்தில் 2017-ல் புதிய அரசு பதவியேற்றவுடன் உரிமமற்ற இறைச்சிக்கூடங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. இத்தகைய சூழலில் பேருந்து நிறைய மாணவர்களை அங்கே அனுப்ப எந்தக் கல்லூரி முதல்வரும் இருமுறை யோசிப்பார். ஆனால் எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் இந்தியா ஒன்று. ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். உள்நாட்டிலோ, 2023-24-ல் உற்பத்தியான 1.025 கோடி டன் இறைச்சியில் ஏறத்தாழப் பாதி கோழி இறைச்சி. அதில் பெரும்பகுதி எந்த மருத்துவரின் கண்ணும் படாத தெருக்கடைகளில் அறுபட்டு விற்கப்படுகிறது. இறைச்சிக்கூடத்துக்குப் போகும் நாளுக்கு மாணவரைத் தயார்ப்படுத்தத் திரை உதவ வேண்டும். அந்த நாளையே ரத்து செய்யும் சாக்காக அது ஆகிவிடக் கூடாது.

வேலைவாய்ப்பிலும் கதவு திறந்தே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு அதிகாரி பதவிக்குக் கால்நடை மருத்துவப் பட்டமும் தகுதியே. ஆனால் 5,000 கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-ல் சொன்ன கணக்கையே எட்ட இயலாமல், மருத்துவர் பற்றாக்குறை பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு மீண்டும் மீண்டும் குறிப்பிட்டு வருகிறது. சிகிச்சைக்கே ஆள் போதாத துறையிலிருந்து உணவுப் பரிசோதனைக்கு ஆளை விட்டுக்கொடுக்க மாநிலங்கள் தயங்குவது இயல்பே.

திரையிலுள்ள அந்தக் கறவை மாட்டிடம் மீண்டும் வருவோம். இம்முறை மடிவீக்கம் இல்லை. பாலில் அஃப்ளாடாக்சின் இருப்பதாக ஆலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாணவர் கொட்டிலின் மூலையில் அடுக்கியிருக்கும் பிண்ணாக்கு மூட்டைகளைச் சரியாகவே கண்டுபிடித்து, "தீவனத்தை மாற்றுங்கள்" என்ற விடையை அழுத்துகிறார். முழு மதிப்பெண். அவர் பட்டம் பெற்று உண்மையான கொட்டிலுக்குள் நுழைந்து இதையே சொல்லும்போது, எந்தத் தீவனத்தை நம்பி வாங்குவது என்று மாட்டுக்காரர் கேட்பார். கடையில் விற்கும் கால்நடைத் தீவனம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு ஆய்வு முடிவுகளுக்குப் பின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதை நடைமுறைப்படுத்துவதற்கான கெடு அதன்பின் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது.